மெட்ராஸ் ஐ: ஒருவருக்கு வந்தால் வீடு முழுக்கப் பரவாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வீட்டில் ஒருவருக்குக் கண் சிவந்துவிட்டால் நாம் முதலில் ஓடுவது மருந்துக்கடைக்குத்தான். ஒரு சொட்டு மருந்து வாங்கி ஊற்றிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. வாஷ்பேசின் பக்கத்தில் எல்லோரும் முகம் துடைக்க ஒரு துண்டு தொங்குமே, அதை எடுத்துத் துவைக்கப் போட வேண்டும். கண் சிவந்தவருக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை கொடுத்துவிட வேண்டும். மருந்து நோயாளிக்குக் கொஞ்சம் ஆறுதல் தரும். மற்றவர்களைக் காப்பாற்றுவது துண்டும் சோப்பும்தான். ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

கண்ணின் வெள்ளைப் பகுதியை மூடியபடி ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அது இமைகளின் உட்பக்கம் வரை மடிந்து போகிறது. ஒளி ஊடுருவும் படலம் என்பதால் சாதாரண நாட்களில் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. கிருமியோ, தூசியோ, ஒவ்வாமையோ அதைச் சீண்டும்போது அதிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன. கண் சிவக்கிறது, உறுத்துகிறது, நீர் வடிகிறது, பீளை கட்டுகிறது. இதைத்தான் நாம் கண் வலி என்றும், தமிழ்நாட்டில் மெட்ராஸ் ஐ என்றும் சொல்கிறோம். 1918-ல் மெட்ராஸில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். 1819-ல் தொடங்கி, இப்போது எழும்பூரில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. இந்த ஊர் கண் நோய்களை நெடுங்காலமாகக் கவனித்து வருகிறது. நோய் மட்டும் மெட்ராஸுக்குச் சொந்தமானது அல்ல, உலகம் முழுக்க இருக்கிறது.

சிவந்த கண் எல்லாமே தொற்றக்கூடியதா என்றால், இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம். ஒவ்வாமையால் வரும் சிவப்பில் அரிப்புதான் பிரதானம். குழந்தை இரண்டு கண்களையும் கசக்கிக்கொண்டே இருக்கும், கூடவே தும்மலும் மூக்கில் நீரும் இருக்கலாம், குறிப்பிட்ட பருவத்தில் திரும்பத் திரும்ப வரும். இது யாருக்கும் தொற்றாது. இந்தக் குழந்தையைப் பள்ளியில் ஒதுக்கி உட்கார வைப்பது தேவையில்லாத வேதனை.

வைரஸால் வருவது வேறு மாதிரி. பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கும். மணல் விழுந்தது போல உறுத்தும், தண்ணீராகக் கொட்டும், இமை வீங்கும். இரண்டு மூன்று நாளில் அடுத்த கண்ணுக்கும் போய்விடும். சிலருக்குக் காதுக்கு முன்னால், தாடை தொடங்கும் இடத்தில் சிறு நெறி கட்டி, தொட்டால் வலிக்கும். சளி, தொண்டை வலி, காய்ச்சல் கூடவே வருவதும் உண்டு, குழந்தைகளிடம் இது அதிகம். பாக்டீரியாவால் வருவதில் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை வந்துகொண்டே இருக்கும். துடைத்துவிட்ட கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்துவிடும். காலையில் இமைகள் ஒட்டிப்போயிருப்பது இரண்டிலும் நடக்கும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. உண்மையில் வெறும் கண்ணால் பார்த்து எது வைரஸ், எது பாக்டீரியா என்று உறுதியாகச் சொல்வது மருத்துவர்களுக்கே சில நேரம் கடினம்தான். ஊரெல்லாம் ஒரே நேரத்தில் பரவுகிறது என்றால் அது வைரஸாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எந்த வைரஸ்? பெரும்பாலும் அடினோவைரஸ். சளிக்காய்ச்சலைத் தரும் அதே குடும்பம்தான். இதில் பல வகைகள் உண்டு. அதனால்தான் போன வருடம் வந்தவருக்கு இந்த வருடமும் வருகிறது. ஒரு வகையை எதிர்க்க உடல் கற்றுக்கொண்டது இன்னொரு வகைக்கு உதவாமல் போகலாம். அப்புறம் என்டெரோவைரஸ் 70, காக்ஸாக்கி ஏ24 என்று இரண்டு உண்டு. இவை வந்தால் கண்ணின் வெள்ளையில் ரத்தத் திட்டுகள் தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். 1969-ல் கானா நாட்டின் அக்ரா நகரில் இந்த ரத்தத் திட்டு வகை முதலில் பெரிதாகக் கிளம்பியது. அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய சமயம் என்பதால் அங்குள்ள மக்கள் அதை அப்பல்லோ நோய் என்றே அழைத்தார்கள். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் திரள் திரளாகக் கல்கத்தாவுக்கு வந்த சமயத்தில் அங்கேயும் பரவியது. கூட்டம், நெருக்கடி, கழுவத் தண்ணீர் இல்லாமை மூன்றும் சேர்ந்த இடத்தில் இந்த நோய்க்குக் கொண்டாட்டம்தான். 2023-ல் மழைக்காலத்தில் டெல்லியிலும் மகாராஷ்டிரத்திலும் பெரிய அலை அடித்ததும், அதே ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் பள்ளிகளுக்குச் சில நாள் விடுமுறை விட்டதும் பலருக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் வழக்கமாக இது தலைதூக்குகிறது.

பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. கண் சிவந்தவரை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்வை வழியாக எதுவும் வராது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வதால் மற்றவர்களுக்குப் பரவாமல் இருக்கும் என்பதும் சரியல்ல. கண்ணாடி போட்டால் வெளிச்சத்தில் கூசாமல் இருக்கும், நோயாளி அடிக்கடி கண்ணைத் தொடுவதும் கொஞ்சம் குறையும். அந்த அளவில் நல்லது. அந்த நம்பிக்கையில் கை கழுவாமல் விட்டால்தான் ஆபத்து.

கிருமி வரும் பாதை இப்படி. நோயாளியின் கண்ணீரிலும் பீளையிலும் வைரஸ் ஏராளமாக இருக்கிறது. கண் உறுத்துகிறது, அவர் புறங்கையால் துடைக்கிறார். அந்தக் கையோடு டிவி ரிமோட்டை எடுக்கிறார், குழாயைத் திருகுகிறார், கதவுத் தாழ்ப்பாளைத் தொடுகிறார், செல்போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுகிறார். அடுத்தவர் அதைத் தொட்டுவிட்டு, தன்னையறியாமல் கண்ணோரத்தைத் தேய்க்கிறார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. நாம் எவ்வளவு அடிக்கடி முகத்தைத் தொடுகிறோம் என்பது நமக்கே தெரியாது. 2015-ல் ஆஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர்களை வகுப்பில் படம்பிடித்து எண்ணிப் பார்த்தார்கள். மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டிருந்தார்கள். மருத்துவம் படிப்பவர்களே அப்படி என்றால் நாமும் நம் குழந்தைகளும் எம்மாத்திரம்?

அடினோவைரஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பல வைரஸ்களைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று இருக்கும். சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் குலைத்துவிட்டால் வைரஸ் செத்துவிடும். கொரோனா வைரஸ் அந்த ரகம். அடினோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் உலர்ந்த பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் வாரக்கணக்கில்கூட உயிர்ப்போடு கிடக்கும். கையில் தடவும் ஆல்கஹால் சானிடைசர் அதனிடம் முழுப் பலனைத் தராது. அதனால் கண் வலி வந்த வீட்டில் சானிடைசரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் எல்லாம் தேய்த்து 20 விநாடியாவது கழுவ வேண்டும். இங்கே சோப்பு செய்யும் பெரிய வேலை வைரஸைக் கையிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அடித்துப் போவதுதான். அதனால் தேய்ப்பதும் ஓடும் தண்ணீரும் முக்கியம். ஒரே மக்கில் தண்ணீர் மொண்டு எல்லோரும் கை நனைப்பது கழுவியதாகாது.

நாள் கணக்கு

தொற்று உள்ளே போய் எத்தனை நாளில் கண் சிவக்கும் என்பது தெரிந்திருந்தால் பல குழப்பங்கள் தீரும். அடினோவைரஸ் என்றால் பெரும்பாலும் 5 முதல் 12 நாள் வரை ஆகும். ரத்தத் திட்டு வகை என்றால் ஒன்று முதல் மூன்று நாளுக்குள் வந்துவிடும். ஒரே வாரத்துக்குள் வீட்டில் எல்லோரும் வரிசையாகப் படுத்துவிட்டார்கள் என்றால் அது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. மாறாக, அண்ணனுக்கு வந்து சரியாகி ஒரு வாரம் கழித்துத் தங்கைக்கு வந்தது என்றால், அவள் வெளியில் எங்கிருந்தோ வாங்கி வந்தாள் என்று நினைக்க வேண்டாம். அண்ணனுக்குக் கண் சிவந்திருந்தபோதே அவள் கண்ணுக்குக் கிருமி போயிருக்கலாம்.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. முதல் ஆளுக்கு வந்த அன்றே துண்டைப் பிரிக்க வேண்டும். இரண்டாவது ஆளுக்கு வந்த பிறகு பிரிப்பதில் அவ்வளவு பயன் இல்லை. அடுத்தவர்களுக்குப் பரப்பக்கூடிய காலமும் நாம் நினைப்பதைவிட நீளம். அடினோவைரஸ் பிடித்தவர் கண்ணில் நீரும் சிவப்பும் இருக்கும்வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரைகூட, பரப்ப முடியும். மூன்றாம் நாளே உறுத்தல் குறைந்துவிட்டது என்று பழையபடி எல்லாவற்றையும் பகிர ஆரம்பித்துவிடக் கூடாது.

வீட்டுக்குள்

துண்டைச் சொல்லியாயிற்று. அதோடு நிற்காது. கைக்குட்டை, தலையணை உறை, போர்வை, கண் மை, முகப் பவுடர் பஞ்சு, மூக்குக் கண்ணாடி எல்லாமே கண்ணுக்குப் பக்கத்தில் போய்வரும் பொருட்கள்தான். அதிகம் மறந்துபோவது கண் மை டப்பா. அம்மாவுக்கு ஒரு விரல், பாப்பாவுக்கு ஒரு விரல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு விரல் என்று ஒரே டப்பாவில் போவது நம் வீடுகளில் சாதாரணம். கண் வலி வந்தவர் விரல் வைத்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 50 ரூபாய்தான் போகும். மஸ்காராவும் அப்படித்தான்.

தலையணை உறையைத் தினமும் மாற்றினால் நல்லது. நோயாளியின் துணிகளை வெந்நீரில் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். துவைக்க எடுக்கும்போது உதறாமல் எடுங்கள், எடுத்த பிறகு கையைக் கழுவுங்கள். ரிமோட், செல்போன், குழாய், ஸ்விட்ச், கதவுக் கைப்பிடி, பிரிட்ஜ் கைப்பிடி ஆகியவற்றைத் துடைப்பதும் உதவும். குழாய், கைப்பிடி மாதிரி தண்ணீர் படக்கூடியவற்றை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, பிறகு பிளீச் கலந்த தண்ணீரால் துடைக்கலாம். போனையும் ரிமோட்டையும் ஸ்விட்சையும் லேசாக ஈரப்படுத்திய துணியால் துடைத்தால் போதும், உள்ளே தண்ணீர் போகக் கூடாது. பிளீச்சை எவ்வளவு கலப்பது என்று புட்டியில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். கழிவறை கழுவும் ஆசிடோடு அதைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

பீளையைத் துடைக்கும் முறையையும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். பலரும் ஒரே துணியை நனைத்து இந்தக் கண், அந்தக் கண் என்று மாறி மாறித் துடைக்கிறார்கள். அப்படித்தான் ஒரு கண்ணில் இருந்தது இரண்டு கண்ணுக்கும் போகிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். மூடிய இமையின் மேல் ஒட்டிய பீளை ஊறட்டும் என்று சில விநாடி வைத்திருங்கள். பிறகு மூக்குப் பக்கத்திலிருந்து வெளியோரம் நோக்கி ஒரே இழுப்பாகத் துடையுங்கள். அந்தப் பஞ்சு அத்தோடு குப்பைக்கு. இன்னொரு முறை துடைக்க வேண்டுமென்றால் புதுப் பஞ்சு. அடுத்த கண்ணுக்கும் புதுப் பஞ்சு. நல்ல கண்ணை முதலில், நோயுள்ள கண்ணைப் பிறகு. துடைக்கும் முன்பும் கையைக் கழுவ வேண்டும், முடித்த பிறகும் கழுவ வேண்டும். பிள்ளைக்குத் துடைத்துவிடும் அம்மாவுக்குத்தான் பெரும்பாலும் அடுத்து வருகிறது. அந்த இரண்டாவது கழுவலைத் தவறவிடுவதே காரணம்.

உறுத்தலுக்குக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்தால் இதமாக இருக்கும். ஐஸ் கட்டியை நேராகக் கண்மேல் வைக்க வேண்டாம். கண்ணைத் துணியால் கட்டி மூடிவிடவும் கூடாது. அது கிருமிக்கு வசதி செய்து கொடுப்பது போலாகும்.

சொட்டு மருந்து விஷயம்

இதில்தான் எனக்கு அதிகக் கவலை. சாதாரண வைரஸ் கண் வலியை உடல் தானே ஒன்று முதல் மூன்று வாரத்தில் சரிசெய்துகொள்ளும். வைரஸை ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து கொல்லாது. பாக்டீரியா சேர்ந்திருக்கிறது என்று தோன்றினால் மருத்துவர் அதை எழுதித் தருவார். மற்றபடி, செயற்கைக் கண்ணீர் எனப்படும் வழவழப்புச் சொட்டு மருந்தே பலருக்குப் போதும்.

பெரிய ஆபத்து ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தில் இருக்கிறது. மருந்துக்கடையில் கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்குபவை சிலவற்றில் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தே இருக்கும். ஊற்றிய ஒரே நாளில் சிவப்பு மங்கிவிடும், ஆகா பிரமாதம் என்று தோன்றும். ஆனால் வைரஸ் போயிருக்காது. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும்போது வைரஸை எதிர்க்கும் உடலின் வேலையையும் சேர்த்தே அடக்குகிறது. அதனால் வைரஸ் கண்ணில் தங்கும் காலம் நீளலாம். அந்தச் சிவப்பு ஹெர்பஸ் வைரஸால் வந்ததாக இருந்தால் கருவிழியே புண்ணாகிப் பார்வைக்கு ஆபத்து. நீண்ட நாள் ஊற்றினால் கண்ணழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். ஸ்டீராய்டு தேவைப்படும் சில கண் வலிகளும் உண்டு. அதைக் கருவியால் கண்ணைப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தால் பிரிட்ஜின் கதவு அடுக்கில் பாதி தீர்ந்த சிறு புட்டி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அறுவைக்குப் பின் கொடுக்கும் சொட்டு மருந்துகளில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும். பேரனுக்குக் கண் சிவந்தால், கண் மருந்துதானே என்று அதை எடுத்து ஊற்றும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அந்தப் புட்டியை இன்றே அப்புறப்படுத்துங்கள். திறந்து ஒரு மாதமான சொட்டு மருந்து எதுவானாலும் வைத்திருக்க வேண்டியதில்லை.

ஊற்றும் விதமும் பரவலோடு சம்பந்தப்பட்டது. கையைக் கழுவிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை ஒரு விரலால் மெல்லக் கீழே இழுத்தால் சிறு பள்ளம் தெரியும். அதில் ஒரு சொட்டு விட்டால் போதும். புட்டியின் முனை இமையையோ முடியையோ தொடவே கூடாது. தொட்டுவிட்டால் கிருமி புட்டிக்குள் போகும், பிறகு ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அதையே திரும்ப ஊற்றுவீர்கள். ஒரு புட்டியை இரண்டு பேர் பயன்படுத்தக் கூடாது. இருவருக்கும் ஒரே நோய், ஒரே மருந்துதான் என்றாலும் ஆளுக்கொரு புட்டி. குடும்பத்தில் மூன்று பேருக்கு வந்தால் மூன்று புட்டியா என்று கணக்குப் பார்ப்பது புரிகிறது. ஆனால் பொதுப் புட்டியால் நீளும் நோய்க்குச் செலவு இன்னும் அதிகம்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன் என்று பெரியவர்கள் சொல்லும் வைத்தியங்களை அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் கண்ணுக்குள் போகும் எதுவும் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் அப்படி இல்லை. இலைச்சாறு, பூச்சாறு வழியாகப் பூஞ்சை போய்க் கருவிழியைத் தாக்கினால் அதை ஆற்றுவது மிகக் கடினம், பார்வையே போன கதைகளும் உண்டு. நந்தியாவட்டை தலையில் அழகாக இருக்கட்டும்.

பள்ளி, அலுவலகம், விசேஷ வீடு

கண்ணில் நீரும் பீளையும் நிற்கும்வரை வீட்டில் இருப்பது நல்லது. குறிப்பாக, சிறு பிள்ளைகள், சமையல் வேலை செய்பவர்கள், முடி திருத்துபவர்கள், அழகு நிலையங்களில் வேலை செய்பவர்கள், செவிலியர்கள் கட்டாயம் அப்படி இருக்க வேண்டும். மருத்துவச் சிகிச்சை தரும் பணியில் இருப்பவருக்குத் தீவிர அடினோவைரஸ் வகை வந்தால் இரண்டு வாரம் வரைகூட நோயாளிகளைத் தொடாமல் இருக்கச் சொல்வார்கள். தினக்கூலிக்குப் போகிறவர் இத்தனை நாள் எப்படி உட்கார முடியும் என்ற கேள்வி நியாயமானது. அவருக்கு விடுப்பும் கூலியும் யாராவது கொடுத்தால்தான் அந்த அறிவுரைக்குப் பொருள் உண்டு. முடியாதவர்கள் குறைந்தது தனித் துண்டு, அடிக்கடி சோப்புக் கழுவல், கருவிகளைப் பகிராமை ஆகியவற்றையாவது கடைப்பிடிக்கலாம்.

பள்ளிகளுக்கு ஒன்று சொல்லத்தான் வேண்டும். கண் வலி பரவும் காலத்தில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதில் காட்டும் வேகத்தைக் குழாயடியில் சோப்பு வைப்பதிலும் காட்டலாம். பல பள்ளிகளில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறது, சோப்பு மட்டும் இல்லை. பிள்ளைகளிடம் கையைக் கழுவு என்று சொல்லிவிட்டுச் சோப்பைக் கொடுக்காவிட்டால் என்ன பயன்? விடுதிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஒரே அறையில் பத்துப் பேர், கொடியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் துண்டுகள் என்ற நிலையில் ஒருவருக்கு வந்தால் பத்துப் பேருக்கும் வரும். துண்டுகளை இடைவெளி விட்டுக் காயப்போட இன்னொரு கொடி கட்டுவதுகூடப் பெரிய உதவிதான்.

கல்யாண மண்டபத்தில் பந்திக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் தொங்கும் பொதுத் துண்டை எல்லோரும் தொட்டிருப்பார்கள். அந்தச் சீசனில் அதைத் தொடாமல் சொந்தக் கைக்குட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தைக் கண் சரியாகும்வரை மறந்துவிடுங்கள். குளோரின் சரியாகப் போடாத குளங்கள் வழியாக அடினோவைரஸ் பரவியிருக்கிறது.

மருத்துவமனையிலும் பரவும் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹவாயின் பேர்ல் ஹார்பரிலும் அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தீவிரக் கண் வலி பரவியது. கண்ணில் விழுந்த துகளை எடுக்க அவர்கள் தளத்தின் மருத்துவ அறைக்குப் போனார்கள். அங்கே சரியாகக் கழுவப்படாத கைகள், கருவிகள், பொதுச் சொட்டு மருந்துகள் வழியாகவே பலருக்குத் தொற்றியது. இன்று நல்ல கண் மருத்துவமனைகள் சிவந்த கண்ணோடு வருபவரைத் தனியாக உட்கார வைப்பது இதனால்தான். நீங்கள் போகும்போது வரவேற்பில் முதல் வார்த்தையாகவே கண் சிவந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அங்குள்ள கருவி முகத்தில் பட்டிருந்தால் வெளியே வந்ததும் கையும் முகமும் கழுவுங்கள்.

மெட்ராஸ் ஐ தவிர, தொற்றும் கண் நோய் இன்னொன்றும் இந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. அதன் பெயர் டிரக்கோமா. கிளமிடியா என்ற பாக்டீரியாவால் வருவது. விரல், துணி, பிள்ளைகளின் அழுக்கு முகத்தில் மொய்க்கும் ஈ ஆகியவற்றால் பரவும். மறுபடி மறுபடி தொற்றும்போது இமையின் உட்புறம் தழும்பாகி, இமைமுடி உள்நோக்கித் திரும்பி, கருவிழியை உரசி உரசிக் குருடாக்கிவிடும். 1963-ல் அதற்கென்றே தேசியத் திட்டம் தொடங்கினார்கள். 2024 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் டிரக்கோமாவை இந்தியா ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மருந்தும் அறுவையும் அதில் உதவின. அவற்றோடு முகம் கழுவும் பழக்கம், தண்ணீர் வசதி, கழிவறை ஆகியவையும் சம பங்காளிகள். கண் தொற்றைத் தண்ணீரும் சோப்பும் எவ்வளவு தூரம் தடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

சாதாரண மெட்ராஸ் ஐயில் உறுத்தல் இருக்கும், கடும் வலி இருக்காது. பீளை மறைப்பதால் மங்கலாகத் தெரிந்தாலும் கண்ணைச் சிமிட்டினால் தெளிந்துவிடும். சிமிட்டியும் தெளியவில்லை, கண்ணுக்குள் ஆழமாக வலிக்கிறது, வெளிச்சத்தைப் பார்க்கவே முடியவில்லை, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறது என்றால் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கண்ணில் அடிபட்ட பிறகு சிவந்தாலும் அப்படியே. சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் முதலில் சுத்தமான தண்ணீரால் நிறைய நேரம் கழுவிவிட்டு உடனே ஓட வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், ஒரு வாரமாகியும் குறையாதவர்களும் காட்டிவிடுவது நல்லது.

பிறந்து ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தையின் கண்ணில் பீளை வந்தால், பச்சைக்குழந்தைக்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து வந்த கிருமியாக இருந்தால் சில நாட்களிலேயே கருவிழியைக் கெடுத்துவிடக்கூடியது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்குக் கண் சிவந்தால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர்களுக்கு அது வெறும் மெட்ராஸ் ஐ இல்லாமல் கருவிழிப் புண்ணாகவும் இருக்கலாம், அந்த நிலை வேகமாக முற்றும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவும் பழக்கம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீரில் வாழும் அமீபா ஒன்று அந்த வழியாகக் கருவிழியைத் தாக்கும், அதற்கான மருந்தே வேறு.

தீவிர அடினோவைரஸ் வந்து போன சிலருக்குச் சிவப்பெல்லாம் மறைந்த பிறகு பார்வை லேசாக மங்கும், இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். கருவிழியில் சிறு சிறு திட்டுகள் தங்கிவிடுவதுதான் காரணம். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் இருந்துவிட்டு மெல்ல மறையும். வண்டி ஓட்டுபவர்கள், படிப்பவர்கள் அதைத் தாங்களே சமாளிக்காமல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸ் போடுபவர்கள் கண் முழுதாகத் தெளிந்தது என்று மருத்துவர் சொன்ன பிறகே, பழைய லென்ஸையும் அதன் பெட்டியையும் எறிந்துவிட்டுப் புதியதில் தொடங்கலாம்.